பட்டப்பின் படிப்பும் அதன் தடைகளும்

கல்லூரியொன்று விழாக் கொண்டாடும்போது, அதன் பழைய மாணவர் பெற்ற பட்டங்களையும் வகித்த பதவிகளையும் நிரல்படுத்திப் பெருமை கொள்ளுதல் இயல்பேயாம். அப்பெருமை தகுதியுடையதுமாகும். ஆயின், அந்நிரலில் இடம்பெறாத ஒரு கூட்டத்தாரும் உளர். மேலே ஏறுதற்குரிய ஆற்றல் இருந்தும் ஒரு படியிலேயே நின்றுவிட்டவர்கள் அவர்கள். அவர்கள் ஏன் நின்றனர் என்று வினவுவோர் சிலரே. "ஊக்கம் போதாது" என்று ஒரு சொல்லிலே விடை கூறி அமைந்துவிடுகின்றோம். அவ்விடை எத்துணை உண்மையானது என்பதைப் பொறியியற் கல்வி என்னும் ஒரு துறையை எடுத்துக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாற்றைச் சான்றாகக் கொள்கின்றேன். அதற்குக் காரணம் உண்டு. அந்நாட்டின் பல பகுதிகளிலே கறுப்பின மக்களுக்கு உயர்கல்வியின் வாயில் முதலிற் சட்டத்தினாலேயே அடைக்கப்பட்டிருந்தது. பின்னர் அச்சட்டம் நீக்கப்பட்டது. நீக்கப்பட்ட பின்னரும் அவர்களுட் பொறியியலில் உயர்பட்டம் பெறுவோர் தொகை சிறிதாகவே இருந்துவருகின்றது. எனவே, வெளியே தொங்கிய பூட்டைக் கழற்றிய பின்னரும் கதவைத் திறக்கவொட்டாமல் உள்ளே கிடக்கும் தாழ் யாது என்பதை அங்கே தெளிவாகக் காணலாம்.

பட்டப்பின் படிப்பு என்பது யாது?

பொறியியலில் முதற்பட்டம் பெற்றவர், முன்னோர் கண்ட முறைகளை நன்கறிந்து, அவற்றின்படி பாலங் கட்டவும் பொறிகளை இயக்கவும் வல்லவராவர். முதுமாணிப் பட்டம் அவ்வறிவை ஒரு துறையிலே ஆழப்படுத்துவது. கலாநிதிப் பட்டமோ வேறு வகையானது. இதுகாறும் எவரும் விடை காணாத ஒரு வினாவை எடுத்து, அதற்குத் தாமே விடை காண்பவர்க்கு அது வழங்கப்படுகின்றது. பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் ஆய்வுகூடத் தலைவராகவும் வருபவர் பெரும்பாலும் இப்பட்டம் பெற்றவரே. எந்த வினாவை ஆராய்வது, எதற்குப் பணஞ் செலவிடுவது என்பவற்றைத் தீர்மானிப்பவரும் அவரே.

ஆதலால், ஒரு சமூகத்தார் இப்படிக்கு ஏறாதிருப்பின் இழப்பு அவர்க்கு மட்டுமன்று. அச்சமூகத்தின் சிக்கல்கள் ஆராயப்படாமற் கிடக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே சுண்ணக்கற் பாறையிடையே தங்கும் நன்னீர் உவராகிவருவதை ஆராய்வோருள், அக்கிணற்று நீரைக் குடித்து வளர்ந்தவரும் இருத்தல் நன்றன்றோ? அவர் கேட்கும் வினாக்கள் பிறர்க்குத் தோன்றாதனவாயிருத்தலும் கூடும்.

சட்டத்தால் அடைத்த வாயில்

அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றிலே கலாநிதிப் பட்டம் பெற்ற முதலாவது கறுப்பினத்தவர் எட்வேட் புஷே என்பவர். 1876 ஆம் ஆண்டிலே யேல் பல்கலைக்கழகத்திற் பௌதிகவியலில் அப்பட்டத்தைப் பெற்றார். அந்நாளில் அந்நாடு முழுவதிலும் பௌதிகவியலிற் கலாநிதிகளாயிருந்தவர் கைவிரல்களால் எண்ணத்தக்க சிலரே. ஆயினும் எந்தப் பெரிய பல்கலைக்கழகமும் அவர்க்கு ஆராய்ச்சிப் பதவி அளிக்கவில்லை. பிலடெல்பியா நகரிலே கறுப்பின மாணவர்க்கென அமைந்த ஒரு பள்ளியில் ஏறத்தாழ 26 ஆண்டுகள் அவர் ஆசிரியராயிருந்தார். ஆசிரியத் தொழில் இழிவென்று கூறுவேனல்லேன்; அத்தொழிலிலே நிற்பவனே நான். ஆயின், ஆராய்ச்சிக்கென அரிதிற் பெற்ற பயிற்சி ஆராய்ச்சிக்கு உதவாமற் போயிற்று. அவருக்குப் பின் வரவிருந்த ஆராய்ச்சி மாணவர் பரம்பரையும் இல்லாதொழிந்தது.

தென்மாநிலங்களிலே நிலைமை இன்னும் கடுமையானது. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே வகுப்பிலிருந்து கற்றல் அங்கே சட்டவிரோதமாயிருந்தது. ஒக்லகோமா மாநிலத்திலே ஜோர்ஜ் மக்லோரின் என்னும் ஆசிரியர், கல்வியியலிற் கலாநிதிப் பட்டத்துக்குப் பயில விரும்பி வழக்காடி, 1948 ஆம் ஆண்டிலே பல்கலைக்கழகத்துள் நுழைந்தார். நுழைந்தும் பயன் என்னை? வகுப்பறையை அடுத்த ஒரு சிற்றறையிலே தனியே அமர்ந்து விரிவுரையைக் கேட்குமாறு பணிக்கப்பட்டார். நூலகத்திலே அவர்க்கெனத் தனி மேசை. உணவுச்சாலையிலே தனி மேசை, தனி நேரம். அவர் மீண்டும் வழக்காடினார். 1950 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே அந்நாட்டு உயர் நீதிமன்றம் அவர் பக்கமே ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. உடன் பயில்வாரோடு உரையாடவும் கருத்துப் பரிமாறவும் இயலாதபடி தடுத்தல், அவர் தம் தொழிலைக் கற்பதையே தடுப்பதாகும் என்பது அத்தீர்ப்பின் சாரம். இக்கருத்தை வாசகர் நினைவிற் கொள்ளல் வேண்டும்; பின்னர் இதற்குத் திரும்புவோம்.

பொறியியற் றுறைக்கே உரிய சான்று மேரி ஜாக்சன் என்னும் பெண்மணியின் வரலாறு. 1942 ஆம் ஆண்டிலே கணிதத்திலும் பௌதிக விஞ்ஞானத்திலும் பட்டம் பெற்ற இவர், 1951 இலே வேர்ஜீனியா மாநிலத்து லாங்லி வானூர்தி ஆய்வுகூடத்திற் கணக்கீட்டாளராய்ச் சேர்ந்தார். காற்றுச் சுரங்கத்திலே சோதனை செய்யும் பொறியியலாளர் ஒருவருக்கு உதவியாளராயினார். இவருடைய திறமையைக் கண்ட அவர், பொறியியலாளராவதற்குரிய பயிற்சியை மேற்கொள்ளுமாறு தூண்டினார். அதற்கு உயர்பட்டத் தரத்திலமைந்த கணித, பௌதிக வகுப்புகளிற் கற்றல் வேண்டும். வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தார் நடத்திய அம்மாலை வகுப்புகளோ வெள்ளையர்க்கென ஒதுக்கப்பட்ட ஓர் உயர்நிலைப் பள்ளியில் நடைபெற்றன. தம் சொந்த நகரத்துப் பள்ளியொன்றின் வாயிலைத் தாண்டுவதற்கு அவர் நகர நிருவாகத்திடம் விண்ணப்பித்துச் சிறப்பு அனுமதி பெறவேண்டியதாயிற்று. பெற்றார், கற்றார், 1958 ஆம் ஆண்டிலே நாசா நிறுவனத்தின் முதலாவது கறுப்பினப் பெண் பொறியியலாளரானார். இன்று அந்நிறுவனத்தின் தலைமையகக் கட்டடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இவ்வரலாற்றிலே பலர் காணாது விடும் செய்தி ஒன்றுண்டு. அனுமதி கேட்கும் துணிவு அவருடையது. ஆனால், "நீ பொறியியலாளராகலாம், அதற்கு வழி இது" என்று எடுத்துரைத்த ஒருவர் அவர்க்கு அருகிலே இருந்தார். அவ்வாறு கூறுவார் இல்லாமையால், விண்ணப்பம் எழுதாமலே நின்றவர் எத்தனையரோ!

சட்டம் நீங்கிய பின் எஞ்சியவை

அமெரிக்க மக்களுட் கறுப்பினத்தவர் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பேர். பொறியியலில் முதற்பட்டம் பெறுவோருள் அவர்கள் நூற்றுக்கு 4 அல்லது 5 பேர் அளவினரே. கலாநிதிப் பட்டம் பெறும் அந்நாட்டவருள்ளும் அவர்தம் பங்கு ஏறத்தாழ அவ்வளவே. சட்டம் நீங்கி இரண்டு தலைமுறை கடந்தும் நிலைமை இது. எஞ்சி நிற்கும் தடைகள் எவை?

முதலாவது, அறியாமை. இஃது அறிவின்மையன்று, செய்தி எட்டாமை. அமெரிக்காவிலே பொறியியற் கலாநிதிப் படிப்பை மேற்கொள்ளும் மாணவர் பெரும்பாலும் கட்டணஞ் செலுத்துவதில்லை. ஆராய்ச்சி உதவியாளராகவோ கற்பித்தல் உதவியாளராகவோ அமர்த்தப்பட்டு, கட்டண விலக்கும் மாதந்தோறும் உபகாரச் சம்பளமும் பெறுவர். முதுமாணிப் படிப்போ பெரும்பாலும் சொந்தச் செலவிலேயே நடைபெறுவது. பல பல்கலைக்கழகங்களில் முதற்பட்டத்தோடு நேரே கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்பிக்கவும் இடமுண்டு. பேராசிரியர் வீட்டுப் பிள்ளை இச்செய்திகளை உணவு மேசையிலேயே கேட்டறிந்துகொள்கின்றது. குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் சென்ற பிள்ளையோ, "நான்கு ஆண்டுக்கே கடன்பட்டோம், இன்னும் ஐந்து ஆண்டுக்கு யார் கொடுப்பார்?" என்று எண்ணி விண்ணப்பமே செய்யாது விடுகின்றது.

இரண்டாவது, பணம். உபகாரச் சம்பளம் உண்டெனினும் அது தொழிற்சாலைச் சம்பளத்தினும் மிகக் குறைவு. பட்டம் பெற்ற மறுமாதமே உழைத்துத் தம்பி தங்கையரைப் படிப்பிக்க வேண்டியவருக்கு அவ்வேறுபாடு பெருஞ்சுமை. விண்ணப்பச் செலவும் சிறிதன்று. ஜி.ஆர்.ஈ. எனப்படும் தேர்வுக்கு 200 டொலருக்கு மேற் கட்டணம். ஒவ்வொரு பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கும் பெரும்பாலும் 75 முதல் 100 டொலர் வரை செல்லும். ஆறேழு இடங்களுக்கு விண்ணப்பிப்பவர், இடங் கிடைக்குமோ கிடையாதோ என்று அறியாமலே இத்தொகையைச் செலவிடல் வேண்டும்.

மூன்றாவது, ஆராய்ச்சி அனுபவமும் சான்றுக் கடிதமும். கலாநிதிப் படிப்புக்கு மாணவரைத் தெரிவோர் பரீட்சைப் புள்ளியை மட்டும் பார்ப்பதில்லை. ஆய்வுகூடத்திலே வேலை செய்து பழகியவரா என்றும் பார்க்கின்றனர். அதனை நேரிற் கண்ட ஆசிரியர் எழுதும் கடிதத்துக்கு அவர்கள் பெருமதிப்பளிக்கின்றனர். பெரிய ஆய்வுகூடம் இல்லாத கல்லூரியிற் பயின்றவருக்கும், விடுமுறையிலே கூலிவேலைக்குச் சென்றவருக்கும் இவை எளிதிற் கிட்டா. பேராசிரியரின் கதவைத் தட்டக் கூசியவரை அப்பேராசிரியர் அறியார். அறியாதார் எழுதும் கடிதத்தில் உயிரிராது.

நான்காவது, தனிமை. வகுப்பிலே தம்மைப் போன்றவர் எவருமில்லாதபோது, ஒரு கணக்குப் பிழைத்தாலும் "நாம் இவ்விடத்துக்கு உரியவரல்லேமோ" என்னும் ஐயம் எழுகின்றது. ஏனையோர் குழுவாயிருந்து கற்கத் தாம் தனித்திருந்து கற்கின்றனர். மக்லோரினுடைய மேசையை எவரும் இன்று சிற்றறையில் இடுவதில்லை. ஆயினும் உரையாட ஒருவருமில்லாதவர் அமரும் மேசை எங்கிருப்பினும் சிற்றறையிலிருப்பதே. நீதிமன்றம் 1950 இலே கூறிய உண்மை இதுவேயன்றோ?

தாழ் திறந்த முறைகள்

இத்தடைகளை நீக்க அங்கே செய்யப்பட்ட முயற்சிகளுள் மூன்றினை ஈண்டுக் கூறலாம்.

1976 ஆம் ஆண்டிலே ஜெம் என்னும் கூட்டமைப்பு தொடங்கப்பட்டது. பல்கலைக்கழகங்களையும் தொழில் நிறுவனங்களையும் அஃது ஒன்றிணைத்தது. நிறுவனங்கள் விடுமுறைக் காலத்திலே மாணவர்க்குத் தொழிற்பயிற்சியும் உதவிப்பணமும் அளிக்கும்; பல்கலைக்கழகங்கள் கட்டணச் சுமையைத் தாங்கும். சம்பளமா, படிப்பா என்று தவித்த மாணவருக்கு இரண்டையும் ஓரளவு சேர்த்தளித்தமையே இதன் சிறப்பு.

1988 ஆம் ஆண்டிலே பால்ற்றிமோர் கவுண்டியிலுள்ள மேரிலாந்துப் பல்கலைக்கழகத்திலே மேயர்ஹோவ் புலமைப்பரிசிற் றிட்டம் நிறுவப்பட்டது. முன்னின்று அதனை நடத்தியவர் ஃபிறீமன் ரபோவ்ஸ்கி என்னும் கணித அறிஞர். மறு ஆண்டு முதற்குழுவாகச் சேர்ந்தோர் 19 மாணவர். அங்கே பணம் மட்டும் வழங்கப்படவில்லை. பல்கலைக்கழகந் தொடங்குமுன் கோடைகால வகுப்பு, குழுவாயிருந்து கற்கும் கட்டாயம், தொடக்கத்திலேயே ஆய்வுகூடப் பயிற்சி, ஒவ்வொருவர்க்கும் வழிகாட்டி என்பன ஒருங்கே அமைந்தன. கலாநிதிப் பட்டமே இலக்கு என்பது முதல்நாளே எடுத்துரைக்கப்பட்டது. இத்திட்டத்துக்குத் தெரிவாகியும் சேராது வேறிடஞ் சென்றவரோடு ஒப்பிடும்போது, சேர்ந்தவர் விஞ்ஞான, பொறியியற் றுறைகளிற் கலாநிதிப் படிப்புக்குச் செல்வது ஏறத்தாழ ஐந்து மடங்கு மிகுதி என அத்திட்டத்தார் கணக்கிட்டுள்ளனர். இரு சாராரும் திறமையாலே தெரியப்பட்டவரே என்பதை நோக்குக. வேறுபாடு திறமையிலன்று, சூழலிலே.

2004 ஆம் ஆண்டிலே நாஷ்வில் நகரத்திலே, கறுப்பின மாணவர்க்கென நிறுவப்பட்ட பழைய ஃபிஸ்க் பல்கலைக்கழகமும், ஆராய்ச்சியிற் சிறந்த வாண்டர்பில்ற் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு பாலம் அமைத்தன. மாணவர் ஃபிஸ்கிலே முதுமாணிப் படிப்பைக் கற்கும்போதே வாண்டர்பில்ற் ஆய்வுகூடங்களிற் பழகி, அப்பேராசிரியரால் அறியப்பட்டு, பின்னர் அங்கேயே கலாநிதிப் படிப்பைத் தொடர்வர். பௌதிகவியல், வானியல், பொருளியல்புகளை ஆராயும் விஞ்ஞானம் முதலிய துறைகளுக்கு அஃது உரியது. தேர்வுப் புள்ளியை விட, விடாமுயற்சியை நேர்முகத்தில் ஆராய்ந்தறிவதற்கு அதனை நடத்துவோர் முதன்மையளித்தனர்.

2023 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே அந்நாட்டு உயர் நீதிமன்றம், பல்கலைக்கழக அனுமதியில் இனத்தைக் கருத்திற்கொள்ளும் முறைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எனவே அங்கே வழிகள் மாறிவருகின்றன. ஆயினும் மேயர்ஹோவ் திட்டம் 1996 ஆம் ஆண்டிலேயே எல்லா இனத்தவர்க்கும் திறந்துவிடப்பட்டுத் தொடர்ந்து நடைபெற்றது. வழிகாட்டலும் குழுக்கல்வியும் ஆய்வுகூடப் பழக்கமும் எந்த இனத்தவர்க்கும் பயன்தருவன என்பது அதனாற் புலனாகும்.

நம்மிடத்து நிலை

இவற்றை நாம் அறிவதனாற் பயன் யாது? நமது வரலாறு அவர்களது வரலாறன்று; இரண்டையும் ஒன்றெனல் பொருந்தாது. ஆயினும் அத்தாழ்களுட் சில நம் வீட்டுக் கதவுகளிலும் உண்டு.

இலங்கையிலே 1950 ஆம் ஆண்டு கொழும்பிற் பொறியியற் பீடம் தொடங்குமுன், தொழில்நுட்பக் கல்லூரியிற் பயின்று இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரித் தேர்வுக்குத் தோற்றுவதே வழியாயிருந்தது. அப்பீடம் 1964 இலே பேராதனைக்குச் சென்றது. 1978 இலே மொறட்டுவைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. 2014 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலே தொடங்கியது. போரினாற் பாழ்பட்ட நிலத்திலே பொறியியற் பீடமொன்று எழுந்தமை நாம் மகிழத்தக்கதே.

முதற்பட்டத்துக்குரிய வாயில் நம் நாட்டிலே வெளிப்படையானது. திறமை அடிப்படையில் நூற்றுக்கு 40, மாவட்ட அடிப்படையில் 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 என்று விதி வகுத்து, கைநூல் அச்சிட்டு, வெட்டுப்புள்ளியும் வெளியிடுகின்றனர். அம்முறை பற்றி எத்தனை வழக்கிருப்பினும் விதி இதுவென்று யாவரும் அறிவர். பட்டப்பின் படிப்புக்கோ அத்தகைய பொதுக் கைநூல் இல்லை. பல்கலைக்கழகந்தோறும், பேராசிரியர்தோறும் வழி வேறுபடும். எனவே அவ்வழி, சென்றவர் வாயிலாகவே அறியத்தக்கது. கொழும்பிலே உறவினர் உள்ளவர் அறிவர். முல்லைத்தீவிலிருந்து தனியே வந்தவர் அறியார்.

தமிழாசிரியன் என்ற முறையிலே இரண்டு செய்திகளைச் சிறப்பாகக் கூற விழைகின்றேன். பள்ளியை விட்டு நீங்கும் மாணவர்க்கு நாம் வழங்கும் நற்சான்றிதழ், "நன்னடத்தையுள்ளவர், கீழ்ப்படிவுள்ளவர்" என்னும் ஒரே வாய்பாட்டில் அமைவது. ஆராய்ச்சிப் படிப்புக்கு வேண்டப்படும் கடிதம் அவ்வகையினதன்று. இம்மாணவர் எச்சிக்கலை எடுத்தார், எவ்விடத்தே தடுமாறினார், அதனை எவ்வாறு கடந்தார் என்று குறித்துரைப்பதே அங்கே மதிப்புப் பெறும். இதனை மாணவர் முன்னரே அறிந்து, தம் வேலையை ஆசிரியர் காணும்படி செய்தல் வேண்டும். ஐயம் வினாவுதல் அடக்கமின்மை ஆகாது.

மற்றையது மொழி. உயர்தரம் வரை தமிழிற் கற்றவர் பொறியியற் பீடத்திலே ஆங்கிலத்துக்கு மாறுகின்றனர். விண்ணப்பத்தோடு எழுதவேண்டிய நோக்கவுரையைக் கண்டு பலர் அஞ்சுவது ஆங்கிலத்தினாலென்றே எண்ணுகின்றோம். அச்சத்தின் பாதி அதனாலன்று. நான் யாது செய்தேன், அதிலே யாது கண்டேன், இனி யாது காண விரும்புகின்றேன் என்று நிரல்பட எண்ணிப் பழகாமையே மறுபாதி. அப்பழக்கத்தைத் தமிழ்க் கட்டுரை வகுப்பிலேயே ஊட்டலாம். எண்ணம் தெளிந்தால் எம்மொழியிலும் வாக்கியம் அமையும்.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம்

பழைய மாணவர் சங்கங்கள் மண்டபங் கட்டுகின்றன, துடுப்பாட்டத்துக்கு மைதானம் திருத்துகின்றன, அவை வேண்டுவனவே. ஆயின், ஈண்டுக் கூறிய தடைகளுட் பெரிய தடையை நீக்குவதற்குக் கல்லும் சீமெந்தும் வேண்டா. பட்டப்பின் படிப்பு மேற்கொண்ட பழைய மாணவரின் பெயரும், துறையும், சென்ற நாடும் குறித்த பதிவேடு ஒன்று கல்லூரி நூலகத்திலே இருக்கட்டும். பொறியியற் பீடஞ் செல்லும் ஒவ்வொரு மாணவரையும் அப்பதிவேட்டிலுள்ள ஒருவரிடம் ஒப்படைப்போம். ஆண்டுக்கு இரண்டு கடிதம் எழுத அவர் இசைந்தாற் போதும். மூன்றாம் ஆண்டிலே ஆய்வுகூடம் பற்றி ஒரு கடிதம். இறுதியாண்டிலே விண்ணப்பம் பற்றி ஒரு கடிதம். தேர்வுக் கட்டணத்துக்கும் விண்ணப்பக் கட்டணத்துக்கும் கடன்நிதியொன்று அமைத்தல் அடுத்த படி. பெற்றவர் உழைக்கத் தொடங்கியதும் திருப்பித் தருவர். அது பின்வருவார்க்குச் செல்லும்.

மாணவ மணிகளே, உங்களுக்கும் ஒரு சொல். வாயில் அடைத்திருப்பதாகக் கண்டால், அது பூட்டியிருக்கின்றதா, வெறுமனே சாத்தியிருக்கின்றதா என்று முதலிலே தட்டிப் பாருங்கள். தட்டுவதற்கு அஞ்சின், அவ்வழியே முன்சென்ற ஒருவரை அழையுங்கள். அழைப்பவர் குரல் கேட்டும் திரும்பிப் பாராத பழைய மாணவர் நம் கல்லூரியில் இலர் என்றே நம்புகின்றேன்.